‘வெறும்’ பக்கவாத்தியம்

கேள்வி: பிரெஞ்சு ஜாஸ் கலைஞர் கிளோத் லூத்தேர், அமெரிக்க ஜாஸ் மேதை சிட்னி பெஷேவுக்கு வெறும் பக்கவாத்தியம் வாசித்தவர்தானே? அவருக்கு எதற்கு இத்தனை புகழ்?

பதில்: அந்த ‘வெறும்’ என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள். கச்சேரி விமர்சனம் எழுதுகிறவர்களோடு எனக்குப் பல வருடத் தகராறே இதனால்தான். பாடியவருக்கு மூன்று பத்தி. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் சேர்த்து ‘அனுசரணையாக வாசித்தனர்’ என்று ஒரே வரி. அந்த வரியோடு வரும் கட்டுரையை இன்றும் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, லூத்தேருக்கு வருவோம். 1946-இல் பாரிஸின் லத்தீன் குவார்ட்டரில், ஓர் ஓட்டலின் நிலவறையில் ‘லோரியாந்தே’ என்றொரு கிளப். ஜெர்மன்காரர்கள் ஊரைவிட்டுப் போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த லூத்தேர் அங்கே கிளாரினெட் வாசிக்க, இளசுகள் ஆடித் தீர்த்தார்கள். 1948-இல் நீஸ் ஜாஸ் விழாவுக்கு அமெரிக்க டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் வந்தபோது லூத்தேர் குழுவும் அங்கே வாசித்தது. பெஷே 1949 மே மாதம் பாரிஸ் விழாவுக்கு வருவதற்கு முன்பே நடந்தவை இவை.

அப்போது பிரெஞ்சு ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் ஊரில் பிறந்த பழைய பாணிதான் ஜாஸ் என்று விமர்சகர் யூக் பனாசியே ஒரு பக்கம். புதிதாக வந்த ‘பீபாப்’ என்ற ஜாஸ் பாணிக்கு ஆதரவாக இன்னொரு விமர்சகர் ஷார்ல் தெலோனே மறுபக்கம். பழசை விரும்பியவர்களுக்கு ‘பூசணம் பிடித்த அத்திப்பழங்கள்’ என்று பட்டப்பெயர். லூத்தேர் எடுத்துக்கொண்டது பழைய பாணியை. அமெரிக்கர்கள் இருபது, முப்பது வருடம் முன்பு பதிவு செய்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பிடித்த இசையில் பூசணத்தை நான் காணவில்லை.

இனி உங்கள் ‘பக்கவாத்தியம்’. பெஷேயின் கையில் சொப்ரானோ சாக்ஸபோன். அது ஊரையே வளைக்கும் குரல், நடுக்கமும் பெரிது. லூத்தேரின் கிளாரினெட்டும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் பேசும் வாத்தியம். பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் ஏறினால் சண்டை. ரொம்ப இறங்கினால் ஆளே இல்லாத மாதிரி. 1949-இல் இருவரும் பதிவு செய்த ‘லெ ஸோன்யோன்’ கேளுங்கள். ‘வெங்காயம்’ என்று பொருள். நடுவில் மொத்தக் குழுவும் சட்டென்று நிற்கும். ஒரு கணம் மூச்சுக்கூடக் கேட்காது. அப்புறம் அத்தனை பேரும் ஒன்றாக வந்து விழுவார்கள். அங்கே ஒருவர் இமைப்பொழுது பிந்தினால் பாட்டே கவிழ்ந்துவிடும்.

1955-இல் ஒலிம்பியா அரங்கில் பெஷேயின் இலவசக் கச்சேரி. கூட்டம் நாற்காலிகளை உடைத்தது. அன்றும் லூத்தேர் குழு மேடையில் இருந்தது.

பெஷே 1959-இல் இறந்தார். லூத்தேர் அதற்குப் பிறகு 47 வருடம் இருந்தார், கிளாரினெட்டோடும் சொப்ரானோ சாக்ஸபோனோடும். அந்த வருடங்களில் யாருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் ‘லெ ஸோன்யோ’னை இன்னொரு முறை போட்டு, பெஷேயை விட்டுவிட்டு, கிளாரினெட்டின் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.