கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சம்பள உயர்வு கேட்டு மறியல் நடந்தால் தொலைக்காட்சியில் சில விநாடிதான் வருகிறது. பத்திரிகை தொழிலாளி பக்கம் நின்ற காலம் உண்டா? (வாசகி, சுங்கை சிப்புட்)

உண்டு அம்மா. 1941-இல், அன்றைய மலாயாவின் கிள்ளானில் நடந்த ரப்பர் தோட்டத் தொழிலாளர் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையோ (வெள்ளைக்கார நிர்வாகி) கிராணியோ (தோட்டக் கணக்கர்) எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இந்தச் சைக்கிள் கோரிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவரையும் நாடு கடத்திவிட்டார்கள். அந்த நாளிதழ் 2019-இல் நின்றுபோனது.

எங்கள் தோட்டத்து முடிதிருத்தும் கடையில் மாலை நேரத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா, ரப்பர் பால்வாளியின் வாடை போகாத கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரி வரை கேட்பார்.

கேள்வி: இப்போது தோட்டத்தில் நம்மவர்களே குறைவு. இனி நமக்கென்ன? (வாசகர், கோல கெட்டில்)

அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா. இன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன் கடன்பட்டுக் கப்பலேறினார். இவர்களில் பலர் முகவருக்குக் கடன்பட்டு வருகிறார்கள். அவர்களுடைய கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். உங்கள் பக்கத்தில் அது நடந்தால் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.