கேரமண்ட் என்ற ஆங்கில எழுத்துருவின் சாய்ந்த வடிவமான கேரமண்ட் இட்டாலிக்கின் இயல்பு என்ன? நேரெழுத்தைச் சாய்த்துக்கொண்டால் போதாதா?

போதாது. இட்டாலிக் என்பது நேரெழுத்தின் சாய்ந்த நிழல் அன்று. இத்தாலிய அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்திலிருந்து தனியாகப் பிறந்த வடிவம். பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய அவ்வகை அச்செழுத்தைக் கொண்டு, வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுசியோ 1501-இல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளை முழு நூலாகவே அச்சிட்டார். ஒரு சொல்லை அழுத்திக் காட்ட நேரெழுத்தின் நடுவே இட்டாலிக்கை இடும் வழக்கம் அதற்குப் பின்னரே வேரூன்றியது.

கேரமண்டின் கதையிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. 1592-இல் பிராங்பேர்ட்டில் வெளியான எழுத்து மாதிரித் தாளை அடியொற்றிய, இலவசமாகக் கிடைக்கும் ஈபி கேரமண்ட் எழுத்துருவில், நேரெழுத்து பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்துச் செதுக்குநர் குளோட் கேரமண்டுடையது. இட்டாலிக்கோ அவர் காலத்து இன்னொரு செதுக்குநரான ரோபேர் கிரான்ஜோனுடையது.

அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலச் சிறிய ‘ஏ’ (a) மேல்வளைவை இழந்து ஒற்றைக் கண்ணுடன் நிற்கும். ‘எஃப்’ வரிக்குக் கீழே வாலை இறக்கும். ‘என்’ எழுத்தின் கால்களில் தட்டையான செரிஃப் (முனையில் வரும் சிறு கோடு) இருக்காது, பேனா தொட்டு எடுத்தது போன்ற மெல்லிய கொக்கி மட்டுமே இருக்கும். எழுத்துகள் ஒடுங்கியவை என்பதால் வரியும் நேரெழுத்தைவிட நெருக்கமாக ஓடும். மென்பொருள் செயற்கையாகச் சாய்க்கும்போது இவற்றில் எதுவும் வராது. வளைவுகளின் தடிமன் பிசகுவதுதான் மிச்சம்.

நூற்பெயர்கள், கப்பல் பெயர்கள், உயிரினங்களின் அறிவியல் பெயர்கள், பிறமொழிச் சொற்கள் ஆகியவற்றுக்கு இது மரபான இடம். முன்னுரை மேற்கோள், கவிதை, அழைப்பிதழில் வரும் பெயர் போன்ற சிறு பகுதிகளுக்கும் மிக அழகாக அமையும். பக்கக்கணக்கில் ஓடும் உரைநடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய கண் அதற்குப் பழகவில்லை. சிற்றெழுத்துகளின் உடல் சிறியது, கோடுகளும் மெலிந்தவை. ஆகவே திரையில் அளவைச் சற்றுக் கூட்டியே வையுங்கள். கொடி வீசும் அலங்காரப் பெரிய எழுத்துகளைச் சொல்லின் முதலில் மட்டும் வையுங்கள். முழுச்சொல்லையும் அவற்றால் அமைத்தால் படிக்கவே இயலாது.

இட்டாலிக் ‘எஃப்’ எழுத்தை அடுத்து நேரான அடைப்புக்குறி வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்; அங்கே மயிரிழை இடைவெளி சேர்க்க வேண்டும். அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள்: இட்டாலிக் என்று தனிப்பெயர் அங்கே இல்லையென்றால், உங்கள் பக்கத்தில் இருப்பது வெறுமனே சாய்க்கப்பட்ட நேரெழுத்தாகத்தான் இருக்கும்.