"அவன்" என்றதும் எழும்பிப் போன அம்மப்பா

கேள்வி: நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். என் அப்பாவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற அரசாங்க லிகிதர். 1983 தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீடு எரிந்து, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், பிறகு திரும்பி வந்தவர். மகனுக்கு 19 வயது. இரவுச் செய்தியில் எந்த அரசியல்வாதி வந்தாலும் "இவன் என்ன சொல்றான்", "அவன் கள்ளன்" என்றுதான் பேசுகிறான். போன கிழமை அப்பா இடியப்பத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார். "நாட்டை நடத்துறவையை இப்படிக் கதைக்கிற பிள்ளை நாளைக்கு எங்களையும் கதைக்கும்" என்கிறார். மகனோ, "அப்பாவைப் பெற்றோல் கியூவில ராத்திரி முழுக்க நிற்க வச்சவங்களுக்கு என்ன மரியாதை?" என்று கேட்கிறான். அடுத்த மாதம் அவனும் கூட்டாளிகளும் ஒரு எம்.பி.யைச் சந்தித்து, எங்கள் ஒழுங்கையில் மழைத்தண்ணீர் நிற்பதைப் பற்றி மகஜர் கொடுக்கப் போகிறார்கள். அங்கேயும் இப்படிக் கதைத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?
– ஒரு தாய், கொழும்பு 13

பதில்: சகோதரிக்கு, முதலில் அந்தச் சந்திப்பைப் பற்றிய பயத்தை விடுங்கள். ரீவிக்கு முன்னால் 'அவன்' என்கிற பிள்ளைகள் ஆளுக்கு முன்னால் போனதும் 'சேர், சேர்' என்று குழைவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். எனக்கு அதுதான் கவலை. வீட்டில் வாய் கிழியப் பேசிவிட்டு நேரில் பம்முவது பெரியவர்களான எங்களிடமிருந்து தொற்றிய பழக்கம்.

உங்கள் மகன் 'அவர்', 'நீங்கள்' என்று பேசப் பழகட்டும் என்பதே என் கட்சி. ஆனால் அப்பா சொல்லும் காரணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. நாட்டை நடத்துகிறார்கள் என்பதற்காக யாருக்கும் 'அவர்' கடன்பட்டதல்ல. யாழ்ப்பாணத்து வீடுகளில் தொட்டிலில் கிடக்கிற குழந்தையைப் பற்றிக்கூட "அவர் பால் குடிச்சிட்டாரோ?" என்று கேட்பார்கள். அந்தக் குழந்தை எந்த அமைச்சை வகித்தது? 'அவர்' என்பது நற்சான்றிதழ் இல்லை. பஸ் கொண்டக்டருக்கும் கொடுக்கிறோம், மீன்காரருக்கும் கொடுக்கிறோம், எம்.பி.க்கும் கொடுத்துவிட்டுப் போவோம்.

'கௌரவ' வேறு கதை. பாராளுமன்றத்தில் எல்லாரும் எல்லாரையும் 'கௌரவ உறுப்பினர்' என்றுதான் அழைக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று அதே சபையில் மிளகாய்த்தூள் வீசியதும் கதிரை தூக்கியதும் அதே கௌரவ உறுப்பினர்கள்தான். சிங்களத்திலும் 'மந்திரிதுமா' என்று மரியாதையாகத் தொடங்குவது, ஆத்திரம் வந்ததும் மரியாதை குறைந்த 'தமுசே'யில் வந்து இறங்கும். அந்தப் பக்கம் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தைப் பாருங்கள். 'தந்தை செல்வா' என்று கூப்பிடச் சொல்லி எந்த வர்த்தமானியும் வரவில்லை. அவர் 1977இல் போனார், பெயர் இன்னும் நிற்கிறது.

ஆகவே மகஜரின் உறையில் 'கௌரவ பாராளுமன்ற உறுப்பினர்' என்று போடட்டும். முத்திரை ஒட்டுகிற மாதிரி அது ஒரு வழக்கம். உள்ளே 'ஐயா' அல்லது 'அம்மணி' என்று ஒரு தடவை. அப்புறம் நேராக விஷயம். பொன்னாடை, மாலை ஒன்றும் வேண்டாம். அந்தக் காசுக்கு ஒழுங்கையில் தண்ணீர் நிற்பதைப் படம் பிடித்து, பெரிதாகப் பிரின்ட் எடுத்துக் கொண்டு போகச் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு மக்கள் சந்திப்புக்குப் போயிருந்தேன். ஒரு இளைஞர் எழும்பி, மேடையில் இருந்தவரைப் பார்த்து, "நீ தேர்தலுக்கு முதல் என்ன சொன்னனீ?" என்று தொடங்கினார். நியாயமான கேள்வி. அரசியல்வாதியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். "தம்பி, எனக்கு உங்கட அப்பாட வயசு" என்று பிடித்துக்கொண்டார். பண்பாடு, பெரியோர், வளர்ப்பு என்று பத்து நிமிடம். சனம் கைதட்டியது. கேள்வி அங்கேயே செத்துப் போனது.

அதற்குப் பிறகு ஒரு பெண் பிள்ளை, கையில் கிளிப் போட்ட கடதாசிக் கட்டோடு. "சேர், இது மார்ச் மாதம் நீங்கள் தந்த கடிதம். மூன்று மாதத்தில் முடியும் என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இப்போது டிசம்பர்." சொல்லிவிட்டு உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தது அந்தப் பிள்ளை. மேடையில் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார்கள்.

மகன் 2022ஐ எடுத்துக்கொண்டு வருவார், எனக்குத் தெரியும். ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் இருந்தவர்கள் 'கோட்டா கோ ஹோம்' என்றுதானே கத்தினார்கள், ஜூலை 13 அன்று ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டுப் போகவில்லையா என்பார். போனார்தான். 'அதிமேதகு ஜனாதிபதி அவர்களே, தயவுசெய்து வீட்டுக்குச் செல்லுங்கள்' என்று யாரும் கோஷம் போட முடியாது, தாளம் நிற்காது. கோஷத்துக்கு யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. மகஜருக்குப் பதில் வேண்டும். ஒழுங்கையில் தண்ணீர் வடிய வேண்டும்.

இன்னொன்று, மகனிடம் கட்டாயம் கேளுங்கள்: செய்தியில் ஒரு பெண் அரசியல்வாதி வரும்போது 'அவள்' என்கிறாரா? ஆண் என்றால் 'கள்ளன்' என்பதோடு முடிகிற பேச்சு, பெண் என்றால் உடுப்புக்கும் நடத்தைக்கும் போய்விடுகிறது. அப்படி ஏதும் இருந்தால் நானும் உங்கள் அப்பாவோடு தட்டைத் தள்ளிவிட்டு எழும்புவேன்.

இனி அப்பா. 1983 ஜூலை 28 அன்று அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் நாட்டுக்குப் பேசினார். எரிந்த வீடுகளைப் பற்றி, செத்த தமிழரைப் பற்றி, ஒரு அனுதாப வார்த்தை இல்லை. அப்போது நாங்களும் ஒரு முகாமில்தான் இருந்தோம். என் அம்மா, வீட்டு நாயைக்கூட "வாங்கோ" என்று கூப்பிடுகிறவர். பேச்சின் விவரம் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா ஜே.ஆரை 'அவன்' என்றார். ஒரே ஒரு தடவை. பக்கத்தில் பாயில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் மகன் அதே சொல்லை ஒரு செய்தியறிக்கைக்குள் ஏழு எட்டுத் தடவை செலவழிக்கிறார். நிஜமாகவே வயிறு எரிகிற நாளில் எதைச் சொல்லப் போகிறார்?

இதை நீங்கள் சொன்னால் அறிவுரை ஆகிவிடும். அம்மப்பாவுக்கும் அந்த நாட்களில் வாயில் என்ன வந்தது என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். அந்த முகாமைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் மகனுக்கு எவ்வளவு தெரியும் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு இரவு ரீவியை நிறுத்திவிட்டுக் கேட்கட்டும். சாப்பாடு முடிந்த பிறகு.