ஜிம்மிக்குத் தயிர்சோறு கசக்கிறதா?

கேள்வி: எங்கள் ஜிம்மி ஐந்து வயது பொமரேனியன். தயிர்சோறு வைத்தால் முகர்ந்துவிட்டு, ‘நேத்தும் இதுதானே ஆச்சி?’ என்பது போல என்னையே பார்க்கிறான். கடையில் வாங்கும் நாய்த் தீவனத்தைக் காலால் தள்ளிவிட்டு, முற்றத்துத் தூணுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறான். கடைசியில் கோழிக் குழம்பு ஊற்றிப் பிசைந்தால்தான் தட்டு காலியாகிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, தூணுக்குப் பின்னால் படுக்கிறான் என்று படித்தபோது சிரித்துவிட்டேன், ஆனால் அந்தக் குழம்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இன்றைக்கே நிறுத்துங்கள். நம் பக்கத்துக் குழம்பில் மிளகையும் மிளகாயையும் விட நாய்க்கு ஆபத்தானவை சின்ன வெங்காயமும் பூண்டும்தான். ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை அவை சிதைக்கும், வதக்கினாலும் அரைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அந்தக் குணம் போகாது, அதுவும் பொமரேனியன் மாதிரிச் சின்ன உடம்புக்கு நாம் ஊற்றும் ஒரு கரண்டியே பெரிய அளவு, நாள்தோறும் சேர்ந்தால் சோகையில் கொண்டுபோய் விடும். வெந்த எலும்பும் வேண்டாம், பாயசத்து உலர்திராட்சையும் வேண்டவே வேண்டாம்.

சரி, அவன் புகாருக்கு வருவோம். நாய் நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 1,700தான், நமக்கோ 9,000 வரை இருக்கும். அவன் சாப்பிடுவது மூக்கால். ஆறிப்போன தயிர்சோற்றில் அவன் மூக்குக்கு என்ன இருக்கிறது? அப்புறம், தட்டைத் தள்ளினால் ஆச்சி நல்லதாக ஒண்ணு கொண்டு வருவாக என்று அவன் கற்றுக்கொண்டும் விட்டான்.

அதனால் அடுத்த முறை குழம்பு வைக்கும்போது, மசாலா சேருமுன் எலும்பில்லாத இரண்டு துண்டை எடுத்து, உப்புகூடப் போடாமல் தனியாக வேகவையுங்கள். அந்தத் தண்ணீரை வெதுவெதுப்பாகத் தீவனத்தில் ஊற்றி, கறியைக் கொஞ்சம் பிய்த்துப் போடுங்கள், வாசனைக்கு அது போதும். கறி சேர்ப்பது நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், தீவனத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து வெறும் கறியிலும் சோற்றிலும் கிடையாது. காலை, மாலை இரண்டு வேளை தட்டை வைத்து, 20 நிமிடத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். நடுவில் பணியாரம், முறுக்கு எதுவும் கிடையாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள், யாராவது ஒருவர் பந்திக்குக் கீழே நீட்டினாலும் அவன் மறுபடி தூணுக்குப் பின்னால் போய்விடுவான். முதல் இரண்டு நாள் அந்தப் பார்வை உங்களை உருக்கிவிடும். தாங்கிக்கொள்ளுங்கள், ஆச்சி.

கறி போட்டும் ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் அது பிடிவாதம் இல்லை, வாயைத் திறந்து பாருங்கள், இந்த இனத்துக்குப் பல் தொந்தரவு சீக்கிரம் வரும். குழம்பு எத்தனை மாதமாக ஊற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஈறு வெளுத்திருந்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, முடிவை எனக்கும் எழுதுங்கள்.