மலையேற்ற வழிகாட்டி ஆக ஐ.டி வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் ஐ.டி நிறுவனத்தில் 13 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது 1,05,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 50,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 34,000. மகளுக்கு 8 வயது. வீட்டுக் கடன் பாக்கி 21 லட்சம், இ.எம்.ஐ 26,000. பெற்றோருக்கு அனுப்புவது உட்பட வீட்டுச் செலவு 48,000. பள்ளிக் கட்டணமும் இன்ஷூரன்ஸும் மாதக் கணக்கில் 10,000. எஸ்.ஐ.பி 30,000. எஃப்.டி 7 லட்சம், மகளின் மேற்படிப்புக்காகச் சேர்த்த மியூச்சுவல் ஃபண்ட் 16 லட்சம், பி.எஃப் 14 லட்சம் இருக்கின்றன. என் பெயரில் 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி உண்டு. அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை நோயாளி.

இந்த வேலையில் இனி எனக்கு எதுவும் புதிதில்லை. ஆண்டுதோறும் இமயமலைக்குப் போய்வருகிறேன். முழுநேர மலையேற்ற வழிகாட்டி ஆக ஆசை. ஃபண்டிலிருந்து 10 லட்சம் எடுத்து பழைய வேனும் கூடாரங்களும் வாங்கி, மேற்குத் தொடர்ச்சி மலையில் சொந்தமாக ட்ரெக்கிங் நடத்தலாம் என்று திட்டம். எஃப்.டி-யும் கிராஜுட்டியும் (பணிக்கொடை) சேர்ந்து 21 மாதம் குடும்பத்தைத் தாங்கும். மனைவிக்குச் சம்மதம்தான், பயமும் இருக்கிறது. விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் இப்போது வேண்டாம், இந்தத் திட்டத்தோடும் வேண்டாம். இன்னும் 23 மாதம் வேலையில் இருங்கள். அந்த எண் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

இருவர் சம்பளமும் சேர்ந்து 1,39,000. நீங்கள் எழுதியிருக்கும் செலவு 84,000, எஸ்.ஐ.பி 30,000, ஆக 1,14,000. மீதி 25,000 எங்கே போகிறது? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. சேமிப்பில் அது தெரியாததால் செலவாகிறது என்றுதான் கொள்ள வேண்டும். 84,000 செலவில் மனைவியின் சம்பளம் போக மாதம் 50,000 துண்டு விழும், எஃப்.டி 7 லட்சமும் கிராஜுட்டி 3.75 லட்சமும் சேர்ந்த 10.75 லட்சம் 21 மாதம் வரும் என்பது உங்கள் கணக்கு. அந்த 25,000-ஐயும், நிறுவனம் தந்த காப்பீடுகள் போனபின் நீங்களே கட்ட வேண்டிய பிரீமியம் சுமார் 10,000-ஐயும் சேர்த்தால் துண்டு 85,000. அதே பணம் 13 மாதம்கூட வராது. கடந்த 6 மாத வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு, யு.பி.ஐ விவரங்களை எடுத்து வைத்து, மனைவியோடு உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். வேறெதையும் தொடங்கும் முன் செய்ய வேண்டியது இது.

அந்த 25,000-ஐ 10,000-ஆகக் குறைக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது துண்டு மாதம் 70,000. புதிய தொழிலில் முதல் 2 ஆண்டு ஒரு ரூபாயும் வராது என்று எண்ணித்தான் நிதி ஒதுக்க வேண்டும், அதற்கு 16.80 லட்சம். பயிற்சிக்கும் சொந்த உபகரணங்களுக்கும் 2 லட்சம். மொத்தம் 18.80 லட்சம். கையில் எஃப்.டி 7 லட்சம். கிராஜுட்டி, அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 13 ஆண்டால் பெருக்கினால் 3.75 லட்சம். குறைவது 8.05 லட்சம். எஸ்.ஐ.பி-யை நிறுத்தி அந்த 30,000-ஐயும், மிச்சம் பிடிக்கும் 15,000-ஐயும் சேர்த்து, அதிலிருந்து புதிய பிரீமியம் 10,000-ஐக் கழித்தால் மாதம் 35,000 ஒதுங்கும். 23 மாதத்தில் குறை தீரும். வழக்கமாக எஸ்.ஐ.பி-யை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2 ஆண்டில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் வைக்கக் கூடாது, இது எஃப்.டி-யிலோ லிக்விட் ஃபண்டிலோ (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) இருக்கட்டும். சேர்ந்துவிட்ட 16 லட்சம் மகளுடையது. அதைத் தொடாதீர்கள், அதில் வேன் வாங்காதீர்கள்.

அதற்குள் பணிக்காலம் 15 ஆண்டை ஒட்டிவிடும். கடைசி ஆண்டில் 6 மாதத்துக்கு மேல் முடிந்திருந்தால் கிராஜுட்டிக்கு அது முழு ஆண்டு, தொகை 4.33 லட்சமாகும். கூடுதலாக வருவதை உபரிக் காப்பாக வையுங்கள். பி.எஃப்-ஐயும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது அப்படியே இருந்தால் வட்டி வரும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு மட்டும் வருமான வரி உண்டு, ரிட்டர்னில் காட்டிவிடுங்கள்.

காப்பீட்டில்தான் இப்படிக் கிளம்புகிறவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். நிறுவனத்தின் குரூப் மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு போய்விடும். அப்பாவுக்கு அதன் பிறகு புதிய பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டு வரை இருக்கலாம். அந்த இடைவெளியில் ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் உங்கள் நிதியில் பாதி காலி. அதனால் பெற்றோருக்குத் தனி பாலிசியை இந்த மாதமே எடுங்கள். சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள். நீங்கள் விலகும் நேரத்தில் காத்திருப்புக் காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கும், அதுவரை குரூப் பாலிசியும் துணைக்கு நிற்கும். விலகும்போது குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா, அதுவரையிலான காலம் கணக்கில் வருமா என்றும் எச்.ஆர் மூலம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

டேர்ம் இன்ஷூரன்ஸில் 50 லட்சம் போதாது. 1 கோடி கூடுதலாக எடுங்கள். வருமானச் சான்றைப் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள் என்பதால் சம்பள ரசீது கையில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். மலையேறும் பழக்கம் பற்றி விண்ணப்பத்தில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். பிரீமியம் சற்று கூடலாம். மறைத்தால், முதல் 3 ஆண்டுக்குள் இழப்பீடு கோரும் நிலை வந்தால் தவறான தகவலைக் காட்டி மறுக்க முடியும். தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருந்தால் அதன் விதிவிலக்குப் பட்டியலைப் படியுங்கள். மலையேற்றம் போன்ற சாகச விளையாட்டுகளைப் பெரும்பாலான பாலிசிகள் சேர்ப்பதில்லை, தொழிலாகச் செய்தால் இன்னும் கடினம்.

வீட்டுக் கடனை முதலில் அடைத்துவிட்டுப் போங்கள் என்று உறவினர்கள் சொல்வார்கள். எஃப்.டி 7 லட்சத்தையும் கடனில் கட்டினால் பாக்கி 14 லட்சமாகும், இ.எம்.ஐ-யைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் சுமார் 17,300-க்கு இறங்கும் (எழுதிக் கொடுக்காவிட்டால் பல வங்கிகள் தவணைக் காலத்தைத்தான் குறைக்கும்). 24 மாதத்தில் மிச்சம் 2 லட்சம் சொச்சம், அதற்காகக் கையை விட்டுப் போவது 7 லட்சம். சம்பளம் இல்லாதவருக்கு வங்கி அதைத் திருப்பித் தராது. இதைவிட நல்ல வழி, ஓவர்டிராஃப்ட் வசதியுள்ள வீட்டுக் கடனுக்கு மாறுவது. அதில் போட்டு வைக்கும் பணத்துக்கு ஏற்ப வட்டி குறையும், வேண்டும்போது எடுக்கவும் முடியும். சற்று கூடுதல் வட்டி இருக்கலாம், விசாரியுங்கள். சுயதொழில் செய்பவர் கடன் கேட்டால் 2, 3 ஆண்டு வருமான வரி ரிட்டர்ன் கேட்பார்கள். ஆகவே இந்த மாற்றத்தையும் வேலையில் இருக்கும்போதே முடியுங்கள்.

இனி தொழில். தமிழ்நாட்டுக் காடுகளில் வேன் வாங்கியவர் எல்லாம் ஆள் கூட்டிப் போக முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன; வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் தொடங்கியது. அங்கே வழிகாட்டிகளாகப் போவோர் அந்தந்த மலையில் வாழும் பழங்குடியினரும் உள்ளூர் மக்களும். அது அவர்களுக்கு உரிய வேலை என்பது என் கருத்து. கோடைக்கு முன் காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படும், பருவமழையில் பல நாள் போகும். உங்களுக்குப் பொருத்தமானது இமயமலைதான்: மே, ஜூன், பிறகு செப்டம்பர், அக்டோபர். இங்கிருந்து தமிழ்க் குழுக்களை அழைத்துப் போகலாம். கூடாரத்தை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், வேனே தேவையில்லை.

வருமானத்தை அடக்கமாகவே போடுங்கள். உதாரணத்துக்கு நாளுக்கு 2,500 ரூபாய், ஆண்டில் 110 நாள் வேலை என்றால் 2.75 லட்சம், மாதம் 23,000-க்கும் குறைவு. துண்டு 47,000 அப்போதும் இருக்கும். சீசன் இல்லாத மாதங்களில் ஐ.டி ஒப்பந்த வேலை செய்யத் தயாராக இருந்தால்தான் இது நீடிக்கும்.

இந்த 23 மாதமும் வெறும் காத்திருப்பு இல்லை. உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சி 28 நாள். வயது வரம்பு உண்டு, உங்கள் வயதில் தள்ளிப்போட நேரமில்லை. மேல்நிலைப் பயிற்சிக்கு அதில் 'ஏ' கிரேடு வேண்டும். சம்பளமில்லா விடுப்பு எடுத்தாவது முதல் ஆண்டே முடியுங்கள். இரண்டாம் ஆண்டு, ஒரு சீசனில் இரண்டு குழுக்களுக்கு உதவி வழிகாட்டியாகப் போங்கள். வாடிக்கையாளராக மலை ஏறுவது வேறு. வாந்தி எடுக்கும் ஒருவரைக் கீழே இறக்கி, மீதி 14 பேரைச் சமாதானப்படுத்துவது வேறு. அதுவும் பிடித்திருக்கிறதா என்று சம்பளம் வரும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஒரு எல்லையை எழுதி வையுங்கள்: 18.80 லட்சம் 8 லட்சத்துக்கு இறங்கும் நாளில் நீங்கள் வேலை தேடத் தொடங்க வேண்டும். மாதம் 70,000 துண்டில் அது 11 மாதச் செலவு, ஐ.டி-யில் இடைவெளிக்குப் பிறகு வேலை கிடைக்க அவ்வளவு காலம் தேவைப்படலாம். நீங்கள் விலகிய நாளிலிருந்து குடும்பத்தின் ஒரே நிலையான வருமானம் அவருடையது. அவர் பெயரில் ஒரு பாலிசியும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி அவருக்கும் எடுங்கள்; மேலே சொன்ன 10,000-க்குள் அதையும் சேர்த்திருக்கிறேன்.