நாக்கு கணக்கு வைத்துக்கொள்வதில்லை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஆண்டு முடிகிறதே என்று, இந்த ஆண்டின் மறக்க முடியாத பத்துச் சாப்பாடுகளை எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் யோசித்தும் நான்குதான் தேறின. வீடு மாறிய இரவில், மூட்டைகளுக்கு நடுவே தரையில் செய்தித்தாள் விரித்துச் சாப்பிட்டது. நெருங்கிய நண்பரை அடக்கம் செய்துவிட்டு வந்தபோது யாரோ என் கையில் திணித்த ரொட்டி. மகள் முதன்முறையாகத் தனியே சமைத்து, உப்புப் போட மறந்த சூப். சாப்பாடு என்று பார்த்தால் எல்லாமே சுமார் ரகம். ஆனால் ஆண்டின் நடுவில், திருமண நாளுக்காக மாதக்கணக்கில் காசு சேர்த்துப் போய்ச் சாப்பிட்ட பெரிய விருந்து பட்டியலில் வரவே இல்லை. போனில் பதினொரு படங்கள் இருக்கின்றன. எதன் சுவையும் நினைவில்லை. கடைசியில் வரும் இனிப்பு நன்றாக அமைந்தால் முழு விருந்தும் மனதில் நிற்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இனிப்பும் நன்றாகத்தான் இருந்தது. என் ஞாபகசக்தி தேய்கிறதா, அல்லது எனக்கு ரசனையே இல்லையா? உங்கள் பட்டியலில் என்னென்ன இருக்கின்றன?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று வாசகர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நாளைக்கு மூன்று வேளை என்றால் ஆண்டுக்கு 1,095 வேளை. அதில் நான்கு மிஞ்சியதை நான் குறைவாக நினைக்கவில்லை. பத்து தேறியவர்கள்மீதுதான் எனக்குச் சந்தேகம். கடைசி மூன்றையாவது ஒப்பேற்றியிருப்பார்கள்.

ஞாபகசக்தியைப் பற்றிய உங்கள் பயத்தை முதலில் பார்த்துவிடலாம். பால் ரோஸின் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1998இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியாத இருவருக்கு மதிய உணவு கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்துப் பத்திலிருந்து முப்பது நிமிடங்களுக்குள் மறுபடியும் ஒரு முழுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதலாவதைச் சாப்பிட்டதே நினைவில் இல்லாததால் அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவது வந்தபோது, பெரும்பாலான நாட்களில் அதையும் தொடங்கிவிட்டார்கள். ‘போதும்’ என்று சொல்வது வயிறு மட்டும் இல்லை, சாப்பிட்டோம் என்ற நினைவும் சேர்ந்துதான் சொல்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆக, நீங்கள் மறந்துவிட்டதாக வருந்தும் ஆயிரத்துச் சொச்சம் வேளைகளையும் உங்கள் நினைவு அன்றன்று தாங்கித்தான் இருக்கிறது. மதியம் சாப்பிட்டதை இரவுவரை பிடித்துவைத்திருந்து, வேலை முடிந்ததும் கீழே விட்டிருக்கிறது. ஒரே மதியத்தில் இரண்டு முறை சாப்பிட உட்காராதவரை நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

ரசனை பற்றிய கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பழைய வீட்டு வாசற்கதவை நினையுங்கள். வந்துவிடும், கதவில் இருந்த கீறல்கூட வரும். இப்போது மகள் வைத்த சூப்பின் சுவையை நினையுங்கள். கிண்ணம் வரும், ஆவி வரும், உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவள் முகம் வரும். சுவை வராது. ‘உப்பில்லை’ என்ற சொல்தான் வரும். காட்சியை அழைத்தால் வருகிறது, பாட்டை அழைத்தாலும் வருகிறது. சுவையும் வாசனையும் பெரும்பாலோருக்கு அப்படி வருவதில்லை. அவை தாமாக வந்து கதவைத் தட்டினால்தான் உண்டு. தட்டிவிட்டாலோ, இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு மத்தியானம் முழுசாக எழுந்து நிற்கும். மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்துதான் மூளையின் மேற்பரப்புக்குப் போகிறது. வாசனை அங்கே இறங்குவதில்லை. உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கிற பகுதிகளுக்கு நேராகவே போய்விடுகிறது.

அதனால் விருந்தின் சுவை நினைவில் இல்லை என்பது ரசனையின் குறை ஆகாது. சூப்பின் சுவையும் உங்களிடம் இல்லை, ரொட்டியின் சுவையும் இல்லை. அந்த வேளைகளில் உங்களுக்கு வேறு பிடிகள் இருந்தன: மூட்டை, துக்கம், மகளின் முகம். விருந்தில் எல்லாம் சரியாக நடந்துவிட்டது. பிடித்துக்கொள்ள ஒரு பிசிறும் இல்லை. மேசைத்துணியில் நீங்கள் எதையாவது கொட்டித் தொலைத்திருந்தால் இன்று அது பட்டியலில் முதலிடத்தில் இருந்திருக்கும்.

என் பட்டியலைக் கேட்டீர்கள். எனக்கு இரண்டுதான் தேறின, அதில் ஒன்றை விருந்து என்றே சொல்ல முடியாது.

ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சளி பிடித்து, மூக்கு மூன்று வாரம் மரத்துப்போயிற்று. நாக்கு மட்டும் இருந்தால் என்ன கிடைக்கும் என்பது அப்போது தெரிந்தது: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் இறைச்சிச் சாற்றிலும் காளானிலும் இருக்கிற உமாமி. மற்றபடி எதை மென்றாலும் கடினமா, மென்மையா, சூடா என்பதோடு சரி. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டைக்குப் பின்புறமாக மூக்கில் ஏறுகிற வாசனை. அந்த வழி அடைபட்டுவிட்டால் ஆப்பிளையும் பச்சை உருளைக்கிழங்கையும் பிரித்தறியத் திணற வேண்டியதுதான். நான் கடமைக்குச் சாப்பிட்டேன், எடையும் குறைந்தது. பிறகு ஒருநாள் சாயங்காலம் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். தோலில் நகம் இறங்கியதும் அந்த எண்ணெய் நெடி சுருக்கென்று ஏறியது. உரிப்பதை நிறுத்திவிட்டுத் தோலையே முகர்ந்துகொண்டு நின்றேன். ஒவ்வொரு சுளைக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சாப்பிட்டேன், அடுத்ததில் அது போய்விடுமோ என்ற பயத்தில். இந்த ஆண்டில் நான் உண்ட மிகப் பெரிய விருந்து அந்த ஒற்றைப் பழம்தான்.

இரண்டாவது, நினைத்தாலே குமட்டுகிறது. ஓர் இரவு காளான் சூப் குடித்தேன், நடுநிசியில் காய்ச்சலும் வாந்தியும் வந்தன. வீட்டில் அதே சூப்பைக் குடித்த எல்லாரும் நன்றாக இருந்தார்கள். காய்ச்சல் வேறெங்கோ தொற்றியது, சூப்பின்மீது குற்றமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அந்த வாசனை பட்டால் இன்றும் எழுந்து போய்விடுகிறேன். 1955இல் ஜான் கார்சியா என்ற அறிவியலாளர் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, கூடவே கதிர்வீச்சுக்கும் உட்படுத்தினார். நோயைக் கொடுத்தது கதிர்வீச்சு. எலிகள் பழி போட்டது தண்ணீரின்மீது. அதன்பிறகு அந்த இனிப்பை ஒதுக்கின. சுவைக்கும் நோய்க்கும் நடுவே சில மணி நேர இடைவெளி விட்டாலும் இந்தப் பழி விழுகிறது என்பதைப் பின்னால் வந்த சோதனைகள் காட்டின. நல்ல சுவையைக் காப்பாற்றித் தராத அதே மூளை, இதை மட்டும் ஒரே தடவையில் கல்லில் செதுக்கி வைத்துவிடுகிறது. பிழைத்திருப்பதுதான் அதன் அக்கறை, நம்முடைய ஆண்டுப் பட்டியல் இல்லை.

உங்கள் நண்பர் சொன்ன இனிப்புக் கதைக்கும் ஒரு மூலம் உண்டு. டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட சோதனையில், குளிர்ந்த நீரில் அறுபது விநாடி கையை வைத்திருப்பது ஒரு முறை. அதே அறுபதோடு, குளிர் சற்றே தணிந்த நீரில் இன்னும் முப்பது விநாடி என்பது இன்னொரு முறை. எதை மறுபடியும் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத் தேர்ந்தார்கள். முடிவு இதமாக இருந்ததாம். இதைச் சாப்பாட்டின்மீது ஏற்றிச் சொல்வது எளிது, பலரும் சொல்கிறார்கள். ஆனால் ரோஸினும் வேறு இருவரும் சாப்பாட்டையே வைத்துச் சோதித்து 2007இல் எழுதியது வேறு மாதிரி: பிடித்த உணவை எவ்வளவு நேரம் உண்டோம் என்பது நினைவில் பெரிதாக ஏறவில்லை என்பது சரி, மிகவும் ருசித்த உச்சக் கணத்துக்கும் முடிவுக்கும்கூட அங்கே அதிகச் செல்வாக்கு இல்லை. நண்பரிடம் சொல்லுங்கள், இனிப்பை இனிப்புக்காகவே சாப்பிடலாம்.

பதினொரு படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சுற்றிவர வைத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படமெடுத்த பொருட்கள் நினைவில் குறைவாகவே தங்கின. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எனக்குப் படத்தோடு பகையில்லை. படம் காப்பாற்றுவது தட்டின் நிறத்தை. அதை மனதே ஓரளவு பார்த்துக்கொள்ளும். எவராலும் காப்பாற்றப்படாமல் போவது சுவை. அடுத்த ஆண்டு, சாப்பிட்ட அன்றே ஒரு வரி எழுதி வையுங்கள். ‘அருமை’ என்று எழுதாதீர்கள். முதலில் புளித்தது, விழுங்கிய பிறகு லேசாகக் கசந்தது, அடியில் கொஞ்சம் தீய்ந்த வாசனை என்று எழுதுங்கள். யாரோடு, எங்கே என்பதெல்லாம் வேண்டாம், அவை தாமே வந்துவிடும்.

‘பசி ருசி அறியாது’ என்ற பழமொழியோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. ருசியை அறிவது பசிதான், பசி அறியாதது தராதரத்தை. உங்கள் கையில் திணிக்கப்பட்ட ரொட்டியை நீங்கள் ‘சுமார் ரகம்’ என்று எழுதியதை மட்டும் நான் நம்பவில்லை. சாப்பிட்ட அந்த நேரத்தில் அப்படியா நினைத்தீர்கள், அல்லது பட்டியல் போட உட்கார்ந்த பிறகா?

இன்னொன்று. நான்கு தேறியதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான் இருக்கின்றன. நான்காவது எது?

அன்புடன்.