ஹெரால்ட் வாங்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி: 1990களில் எங்கள் ஊரில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் விலைக்கு வந்தது. நிறுத்த இடமில்லை என்று விட்டுவிட்டேன். இன்றுவரை மனசு ஆறவில்லை. இப்போது உறவினர் வீட்டுக் கொட்டகையில் நான்கு கதவு மார்க் 3 ஒன்று இருபது வருடமாக நிற்கிறது. உரிமையாளர் காலமாகிவிட்டார், மகன் கொடுக்கத் தயார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எதைப் பார்த்து முடிவெடுக்க?

பதில்: ஸ்டார்ட் ஆகாததை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஹெரால்டில் ஆகச் சுலபமாகச் சரிசெய்யக்கூடியது அந்த 948 சிசி என்ஜின்தான். ஒருமுறை கைநழுவவிட்டவர்கள் இரண்டாவது முறை பளபளப்பைப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் முதலில் சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பாருங்கள்.

அந்தக் காலத்து மற்ற சிறிய கார்கள் பலவற்றில் பாடியே வண்டியைத் தாங்கும். ஹெரால்டுக்குத் தனி சேஸி; பாடியைப் போல்ட் போட்டு அதன்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். பழுதான துண்டைக் கழற்றி வேறு மாட்டலாம் என்பது இதில் பெரிய வசதி. ஆனால் சேஸி போனால் வண்டியே போச்சு. நடுச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் கை நீட்டும் தாங்கிகளில்தான் சேறும் ஈரமும் தங்கி, உள்ளிருந்து துரு அரிக்கும். சமதளத்தில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்துங்கள்; வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். டார்ச், தட்டை ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்னக் காந்தம் போதும். தாங்கிகளையும், பின்னால் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள கியர் பெட்டி) மாட்டியிருக்கும் இடத்தையும் குத்திப் பாருங்கள். நல்ல தகடு டிங் என்னும். அரித்த தகடு பொத்தென்று உள்ளே போகும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடவியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து கதவுகளை மூடி இடைவெளியைப் பாருங்கள். மேலே நெருங்கி கீழே அகன்றிருந்தால் சேஸி நடுவில் தொய்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் பாடியைத் தூக்குவதற்கு முன் கதவுவாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பு வெல்ட் செய்து பிடிமானம் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் தூக்கினால் பாடி கோணிவிடும், அப்புறம் எந்தக் கதவும் சரியாக உட்காராது.

இன்னொரு விஷயம், உங்கள் வண்டிக்கே உரியது. இத்தாலியர் ஜொவானி மிக்கெலோத்தி வரைந்த ஹெரால்ட், இங்கிலாந்தில் 1959 முதல் 1971 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. மெக்கானிக்கல் பாகங்கள் பலவும் அங்கே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் நான்கு கதவு ஹெரால்ட் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் மட்டுமே 1968இல் கொண்டுவந்தது. பிரிட்டனில் அப்படி ஒன்று இல்லை. எனவே பின்கதவுகள், அவற்றின் கண்ணாடி, பீடிங் (ஓர ரப்பர்) எல்லாம் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். என்ஜின் கோளாறுக்காக விலையைக் குறையுங்கள். பின்கதவு காணாமல் போயிருந்தால் வண்டியையே விட்டுவிடுங்கள்.

ஹெரால்டில் உயிர் சம்பந்தப்பட்ட இடம் முன்சக்கரத்தின் கீழ்மூட்டு. அதன் பெயர் ட்ரனியன். ஒரு பித்தளை நட்டுக்குள் செங்குத்தான இரும்புத் தண்டின் மரை திரும்புகிறது. ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அதுதான் சுழல்கிறது. இதற்குக் கியர் ஆயில், ஈ.பி. 90தான் விட வேண்டும். கிரீஸ் நிப்பிள் போலத் தெரிவதால் மெக்கானிக்குகள் பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் நாளடைவில் இறுகி வழியை அடைக்கும், சீல் வழியாகத் தண்ணீர் இறங்கும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மரை அரிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இருபது வருடம் நின்ற வண்டியில் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் தெருவுக்கு எடுக்கவே கூடாது. மரையில் குழிவிழுந்திருந்தால் தண்டையும் பித்தளையையும் சேர்த்தே மாற்றுங்கள். இடது, வலது மரைகள் எதிரெதிர், மாற்றி வாங்கிவிடாதீர்கள். மாட்டும்போது முழுக்க இறுக்கியபின் சற்றுத் தளர்த்தி விட வேண்டும். தளர்த்தாமல் விட்டால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மரை அடியில் முட்டி முறியும். பிறகு கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி, மேல்சீலில் கசியும்வரை அடியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் தவறாமல்.

பின்சக்கரங்கள் மேலே உள்வாங்கிக் கீழே அகன்று நின்றால் குறுக்குப் பட்டை ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது. இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் இந்தப் பின் ஆக்சில் அமைப்பு நம்மூர் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவே இல்லை. ஹெரால்டுக்குப் பின் 1972இல் வந்த கெஸல் காரில் கம்பெனியே அதை எடுத்துவிட்டது.

என்ஜினுக்கு ஒரே ஒரு சோதனை முக்கியம். ஒருவர் கிளட்சை மிதிக்க, நீங்கள் என்ஜினின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் அசைவு சரி. கண்ணுக்கே தெரிகிற மாதிரி நகர்ந்தால் கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும், பின் மெயின் பேரிங்கின் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. சில நேரம் கழன்று என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் கிடக்கும். விலை குறைவான வாஷர், ஆனால் அது இல்லாமல் ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே தின்னும். சம்பை இறக்கியே மாற்றிவிடலாம். வாஷரிலுள்ள எண்ணெய்க் கோடுகள் கிராங்க் பக்கம் பார்த்தபடி மாட்ட வேண்டும்.

ஸ்டார்ட் செய்ய அவசரப்பட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி என்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். டாப் கியரில் போட்டு வண்டியை மெல்ல முன்னும் பின்னும் தள்ளுங்கள், சுற்றினால் நல்லது. டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். இன்றைய இ20 பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலை வடித்து 20W-50 சுமார் 4 லிட்டர். டாப்பெட் (வால்வு) இடைவெளி, என்ஜின் குளிர்ந்திருக்கையில் 0.25 மில்லிமீட்டர். பேட்டரி மாட்டும் முன் எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். பேட்டரியின் பிளஸ் பாடியோடு இணைந்த பிளஸ் எர்த் வண்டியாக இருக்கலாம். பிரேக் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாம் புதிது, விதிவிலக்கே கிடையாது.

கடைசியாகக் காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸி, என்ஜின் எண்களை வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டதால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 வழியாக மாற வேண்டும். அதன்பிறகுதான் படிவம் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு. 2021 விதிப்படி 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் பதிவும் வாங்கலாம். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் தெருவில் ஓட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குற்றாலம் போக ஆசை என்றால் படிவம் 25இல் சாதாரணப் புதுப்பித்தலே சரி. வாரிசு மாற்றம் முடியும்வரை அட்வான்ஸ் தராதீர்கள்.